கும்பிட முடியாதவருக்கும் குடியை விட வழி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடிகாரன் என்று ஒதுக்காமல் நோயாளி என்று பார்த்து எழுதியிருந்தீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. கடவுளிடம் தன்னை ஒப்படைத்தவர் மீண்டார், பிரார்த்தனை செய்தவர் மீண்டார், நம்பிக்கை வந்தவர் மீண்டார். கடைசியில், இறைவன் துணை இல்லாமல் இந்தப் பிடியிலிருந்து யாராலும் வெளியே வர முடியாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அது உண்மையில்லை, அதோடு அதைப் படித்துவிட்டு "அப்போ நமக்கு வழியே இல்லை" என்று மறுபடியும் பாட்டிலை எடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். என் அண்ணன் அந்த நிலையில் இருந்தவர்தான். இன்று அவர் குடிப்பதில்லை, கடவுளைக் கும்பிடுவதும் இல்லை.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும், கடவுளை முன்வைக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற ஊரில், பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். இருவருமே குடிநோயாளிகள். ஒருவரோடு ஒருவர் மனம் விட்டுப் பேசிக்கொண்டே இருந்தால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று அவர்கள் கண்டுகொண்டதிலிருந்து பிறந்ததுதான் ஏ.ஏ. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு தகுதி எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தகவல்களை அலசிப் பார்த்தது. முழுதாகக் குடியை நிறுத்துவது என்ற கணக்கில், நோயாளிகளை முறையாக ஏ.ஏ.யில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை மற்ற பேச்சு சிகிச்சைகளுக்குச் சமமாகவும் சில நேரம் அவற்றைவிட மேலாகவும் வேலை செய்கிறது என்று அதில் தெரிந்தது. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.

ஆனால் ஏன் வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. அந்தத் தொகுப்பை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கெல்லி இதையே பல வருடமாக ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வுகளில் பெரிய பங்கு வகிப்பது எது தெரியுமா, கூடப் பழகும் ஆட்கள் மாறுவதும், குடிக்கத் தூண்டும் இடத்தில்கூடக் குடிக்காமல் இருக்க முடியும் என்ற தன்னம்பிக்கை வளர்வதும். ஆன்மிகமும் சிலருக்கு, அதிலும் நோய் முற்றியவர்களுக்கு, உதவுகிறது என்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடிக்கிற நண்பர்களின் இடத்தில் குடியை விட்ட நண்பர்கள் வருவதற்குக் கடவுள் நம்பிக்கை அவசியமில்லையே.

குடியை விட ஏ.ஏ. காட்டும் வழி பன்னிரண்டு படிகள், 1939-இல் அச்சான அவற்றை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆறு படிகளில் கடவுளோ நம்மைவிட மேலான சக்தியோ வருகிறது. நம் விருப்பத்தையும் வாழ்க்கையையும் கடவுளின் பராமரிப்பில் ஒப்படைக்க முடிவு செய்தோம் என்கிறது மூன்றாவது படி. குறைகளை நீக்கும்படி அவரிடம் பணிவாக வேண்டினோம் என்கிறது ஏழாவது. ஏ.ஏ.யின் வேர் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருக்கிறது, அதனால் இந்த நடை இயல்பாகவே வந்துவிட்டது. "நாம் புரிந்துகொண்ட வகையில் கடவுள்" என்று அப்போதே கொஞ்சம் தளர்த்தினார்கள் என்பதும் உண்மை. நம்பிக்கை உள்ளவருக்கு அது போதும். நம்பிக்கை இல்லாதவருக்கு?

"அதெல்லாம் ஒன்றுமில்லை, கடவுள் என்ற இடத்தில் ஒரு மரத்தை வைத்துக்கொள், கடலை வைத்துக்கொள், இந்தக் கூட்டத்தையே வைத்துக்கொள்" என்று சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். சிலருக்கு அது ஒத்துப்போகவும் செய்கிறது. என் அண்ணன் சேர்ந்திருந்த மறுவாழ்வு மையத்திலும் ஆலோசகர் ஒருவர் இதையே சொன்னார். அண்ணன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சார், குறைகளை நீக்கச் சொல்லி மரத்திடம் எப்படி சார் வேண்டுவது? நான் பொய் சொல்லிச் சொல்லியே குடித்தவன். நிறுத்துவதையும் ஒரு பொய்யில் ஆரம்பிக்கச் சொல்லாதீங்க" என்றார். அதற்கு அந்த ஆலோசகர் என் பக்கம் திரும்பி, "உங்கள் அண்ணனுக்குக் குடியை விட மனமில்லை, அதனால்தான் சாக்குச் சொல்கிறார்" என்றார். கோப்பில் என்ன எழுதினாரோ தெரியாது, அன்று மாலை வரை அண்ணன் யாரிடமும் பேசவில்லை. ஆசிரியர் அவர்களே, எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கை நடுங்க, வியர்த்துக் கொட்ட, தானாக நடந்து வந்து சிகிச்சையில் சேர்ந்த ஒருவரை, கும்பிடத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விருப்பமில்லாதவர் என்று முத்திரை குத்துவது எந்த மருத்துவம்?

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1996-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், குடும்பத்தாரைச் சந்திக்கும் சலுகை வேண்டுமென்றால் பன்னிரண்டு படித் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று ஒரு கைதிக்கு நிபந்தனை போட்டது செல்லாது என்றது. 2007-இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பௌத்தர் ஒருவரின் வழக்கு. மத அடிப்படையிலான கூட்டத்துக்குப் போக மறுத்ததால் அவருடைய பரோலை ரத்து செய்து மறுபடி சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படிக் கட்டாயப்படுத்த அரசு அதிகாரிக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஏ.ஏ. தானாக யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். சிறையும் நீதிமன்றமும் சிகிச்சை மையமும்தான் வேறு வழி காட்டாமல் அங்கே தள்ளிவிடுகின்றன.

ஏ.ஏ.க்கு உள்ளேயே இந்தக் குரல் எழுந்திருக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கான ஏ.ஏ. கூட்டம் சிகாகோவில் 1975-லேயே தொடங்கிவிட்டது. கனடாவின் டொரொண்டோவில் கடவுள் பெயரை எடுத்துவிட்டுப் படிகளை எழுதிக்கொண்ட குழுக்களை 2011-இல் அந்த ஊர் ஏ.ஏ. அமைப்பு பட்டியலிலிருந்து நீக்கியது, மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை புகார் போய், 2017-இல் திரும்பச் சேர்த்தார்கள். இன்று மதச்சார்பற்ற ஏ.ஏ. கூட்டங்கள் இணையத்திலும் நிறைய நடக்கின்றன. ஏ.ஏ.யின் தோழமை பிடிக்கும், பிரார்த்தனைதான் இடிக்கிறது என்பவர்கள் முதலில் அங்கே எட்டிப் பார்க்கலாம்.

சரி, ஏ.ஏ.க்கு வெளியே என்ன இருக்கிறது?

1975-இல் ஜீன் கர்க்பாட்ரிக் என்ற சமூகவியலாளர் பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார், விமன் ஃபார் சோப்ரைட்டி. அவரே குடிநோயிலிருந்து மீண்டவர். நான் ஒன்றுமில்லாதவள், என் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிச் சொல்லி மீளச் சொன்னது அவருக்கு ஒத்து வரவில்லை. குடிக்கிற பெண்ணை ஊரும் வீடும் ஏற்கெனவே போதுமான அளவு குனிய வைத்திருக்கிறது, அவளுக்குத் தேவை தன்மேல் மதிப்பு என்பது அவர் கட்சி. அதனால் படிகளுக்குப் பதிலாக 13 வாசகங்களை எழுதினார். எல்லாமே "நான் பொறுப்பு", "நான் திறமையானவள்" என்கிற தொனியில் இருக்கும். ஆன்மிக வளர்ச்சி என்ற பேச்சு அதிலும் வரும், முழுக்க மதச்சார்பற்றது என்று சொல்ல முடியாது, ஆனால் வெளியே உள்ள எந்தச் சக்தியிடமும் சரணடையச் சொல்லாது. குடிக்கிற பெண்களைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. உங்கள் கட்டுரையிலும் மீண்டவர்கள் எல்லோரும் ஆண்கள்தான்.

1985-இல் ஜேம்ஸ் கிறிஸ்டோஃபர் என்பவர், அவரும் குடியை விட்டவர், மதம் இல்லாமல் குடியை விடுவது பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து அடுத்த வருடமே செக்யுலர் ஆர்கனைசேஷன்ஸ் ஃபார் சோப்ரைட்டி, சுருக்கமாக எஸ்.ஓ.எஸ்., என்ற அமைப்பைத் தொடங்கினார். மதச்சார்பற்ற குழுக்களில் அதுதான் முன்னோடி. அதிலிருந்து கிளைத்து வந்தது லைஃப்ரிங். அவர்களுக்குக் கொள்கை மூன்றே மூன்று: குடிக்காமல் இருத்தல், மதத்தை இழுக்காமல் இருத்தல், தன் மீட்சிக்குத் தானே பொறுப்பேற்றல். நம்பிக்கை உள்ளவரும் வரலாம், அவர் நம்பிக்கை அவரோடு, கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வராது, அவ்வளவுதான்.

லைஃப்ரிங் கூட்டம் நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது, அண்ணன் கணினி முன் உட்கார்ந்திருக்கும்போது ஓரமாக இருந்து, எல்லோருடைய அனுமதியோடும் கேட்டிருக்கிறேன். "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்ற ஒரே கேள்விதான். ஒவ்வொருவராகச் சொல்வார்கள். வேலை போனது, மகளோடு சண்டை, வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் கால் தானாகக் கடைப்பக்கம் போனது, போகாமல் எப்படித் திரும்பினேன், இப்படி. அப்புறம் வருகிற வாரத்தில் என்ன ஆபத்து இருக்கிறது, ஒரு கல்யாணமோ வெளியூர்ப் பயணமோ, அதற்கு என்ன திட்டம் என்றும் சொல்வார்கள். ஏ.ஏ. கூட்டங்களில் பொதுவாக ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்வதைத் தவிர்ப்பார்கள். இங்கே குறுக்கே கேட்கலாம், "அந்தக் கல்யாணத்துக்கு நீங்க போய்த்தான் ஆகணுமா?" என்று யாரோ கேட்டார், அண்ணன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "இல்லை" என்றார். அந்தக் கேள்வியை நாங்கள் வீட்டில் கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

அடுத்து ஸ்மார்ட் ரிகவரி. இந்தப் பெயரில் 1994-இலிருந்து இயங்குகிறது, பல நாடுகளில் கூட்டங்கள் நடக்கின்றன. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று உளவியலில் சொல்கிறார்களே, அதையும் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களில் உருவாக்கிய பகுத்தறிவு உணர்ச்சிச் சிகிச்சையையும் சாதாரண மனிதர்கள் கையாளும் கருவிகளாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. மாற வேண்டும் என்ற ஊக்கத்தை வளர்த்துத் தக்கவைப்பது, குடிக்கத் தோன்றும்போது சமாளிப்பது, எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் நடத்தையையும் கையாள்வது, சமநிலையான வாழ்க்கை வாழ்வது என்று நான்கு பகுதிகள். "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொரு முறையும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆயுள் முழுக்க வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்வதில்லை, தேவைப்படும் வரை வந்தால் போதும்.

அவர்கள் தரும் ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு கட்டம் போட்ட சாதாரணத் தாள். குடிப்பதால் என்ன நன்மை, குடிப்பதால் என்ன தீமை, குடிக்காவிட்டால் என்ன நன்மை, குடிக்காவிட்டால் என்ன தீமை. குடிப்பதால் நன்மையா, இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அண்ணன் முதலில் நிரப்பியது அந்தக் கட்டத்தைத்தான், அதுவும் நிறுத்தாமல் எழுதினார். "தூக்கம் வருது. அப்பா கடைசியா சொன்னது காதில் கேட்காது. நாலு பேர் நடுவில் பேச வருது." எங்கள் வீட்டில் இத்தனை வருடம் யாருமே அவரிடம் இதைக் கேட்டதில்லை, குடியின் தீமையைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம், அது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான்காவது கட்டத்தில், குடிக்காவிட்டால் என்ன தீமை என்ற இடத்தில், "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது?" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார்.

அந்த வரியிலிருந்துதான் அவர் சிகிச்சையே தொடங்கியது என்று சொல்வேன். தூக்கத்துக்கு மருத்துவரிடம் தனியாகப் பேசினார்கள். அப்பாவைப் பற்றிய பேச்சுக்கு உளவியல் ஆலோசனை. ஆறு மணிக்கு மேல் வெறுமையாக இருந்த மூன்று மணி நேரத்துக்கு வேலை தேடிக் கண்டுபிடித்தார், சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொண்டார், இப்போது தெருப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் எங்கள் வாசலில்தான். இது ஏதோ அதிர்ஷ்டவசமாக நடந்தது இல்லை. ஜார்ஜ் ஹன்ட், நேதன் அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-லேயே இதை ஒரு சிகிச்சையாக எழுதி வைத்திருக்கிறார்கள். குடிக்காத வாழ்க்கை குடிக்கிற வாழ்க்கையைவிட ருசியாக இருக்கும்படி வேலை, குடும்பம், பொழுதுபோக்கு, நட்பு எல்லாவற்றையும் திருத்தி அமைத்தால் குடி தானாகப் பின்வாங்கும் என்பதுதான் அவர்கள் சொன்னது.

குடிக்கத் தோன்றும் அந்த நேரம் பற்றியும் சொல்ல வேண்டும், பெரும்பாலானவர்கள் தோற்பது அங்கேதான். அந்த ஆசை ஏறிக்கொண்டே போகும், குடித்தால்தான் இறங்கும் என்று குடிப்பவர் நம்புகிறார். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் அதை அலை என்றார். எழும், உச்சிக்குப் போகும், எதுவும் செய்யாவிட்டாலும் தானாக இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அதோடு சண்டை போடாமல், உடம்பில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா நெஞ்சிலா கையிலா என்று கவனித்துக்கொண்டே இருந்தால் அது கடந்து போய்விடும். அண்ணன் ஒரு சின்ன நோட்டில் நேரம், இடம், யாரோடு இருந்தேன், பத்துக்கு எத்தனை என்று குறித்து வைப்பார். "மாலை 6.20, பஸ் நிறுத்தம், தனியா, 8." கீழே, "6.45, வீடு, 3." இதில் பிரார்த்தனை எங்கே வருகிறது? கவனிப்பும் பயிற்சியும்தான்.

நடுவில் ஒருமுறை குடித்துவிட்டால் என்ன என்பதையும் மார்லட்தான் தெளிவாகச் சொன்னார். ஒரு கிளாஸ் குடித்தவர் அதோடு நிறுத்திவிட முடியும். ஆனால் "போச்சு, எல்லாம் போச்சு, நான் லாயக்கில்லாதவன்" என்று நினைத்துவிட்டால் அந்த நினைப்பே பாட்டிலைக் காலி செய்ய வைக்கும். சறுக்கலைப் பாவமாகப் பார்த்தால் மன்னிப்புக் கேட்கத் தோன்றும். தகவலாகப் பார்த்தால் எங்கே, எதனால் சறுக்கியது என்று யோசிக்கத் தோன்றும். குடும்பத்தாருக்கு இது மிகவும் கஷ்டமான பாடம், எனக்கும்தான்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருகிறதா என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். 1997-இல் முடிவுகள் வெளியான புராஜெக்ட் மேட்ச் என்ற ஆய்வில் 1,726 பேரைப் பன்னிரண்டு படிகளில் சேர்க்கும் சிகிச்சை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஊக்கமூட்டும் சிகிச்சை என மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றிலும் மக்கள் நன்றாகவே தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. ஆய்வாளர் சாரா ஸெமோர் குழுவினரின் 2018 ஆய்வு விமன் ஃபார் சோப்ரைட்டி, லைஃப்ரிங், ஸ்மார்ட், பன்னிரண்டு படி ஆகிய நான்கு வகைக் குழுக்களில் இருந்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தது. எந்தக் குழுவாக இருந்தாலும், அதில் எவ்வளவு ஆழமாக ஈடுபடுகிறார் என்பதுதான் பலனோடு சேர்ந்து வந்தது. ஸ்மார்ட் கொஞ்சம் பின்தங்கியது போலத் தெரிந்தது. ஆனால் அங்கே முழுதாக நிறுத்தும் குறிக்கோள் இல்லாமல் குறைக்க வந்தவர்களும் நிறையப் பேர், அதைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. ஈடுபாடுதான் முக்கியம் என்றால், ஒருவரால் மனதார ஈடுபட முடிகிற இடத்துக்குத்தானே அவரை அனுப்ப வேண்டும்?

மருந்துகளைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994-லேயே குடிநோய்க்காக அனுமதி கொடுத்தது. குடித்தால் மூளையில் கிடைக்கும் அந்தச் சுகத்தை அது மட்டுப்படுத்துகிறது. அகாம்ப்ரோசேட், குடியை நிறுத்திய பிறகு மூளையில் இருக்கும் படபடப்பைத் தணித்து, நிறுத்தியதைத் தக்கவைக்க உதவுகிறது. டைசல்ஃபிராம் அவற்றைவிடப் பழைய மருந்து. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி வரும். இதை நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள், தெரியாமல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மருந்து யாருக்கு என்பது கல்லீரல், சிறுநீரகம், அவர் சாப்பிடும் வேறு மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

இன்னொன்று. பிரார்த்தனையோ மன உறுதியோ எதுவாக இருந்தாலும், பல காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் சேர்ந்து உயிர் போகும் நிலைகூட வரும். வித்ட்ராவல் என்கிறார்களே, இதுதான். மருத்துவமனையில் டயஜெபாம் போன்ற மருந்துகளால் இதைப் பத்திரமாகக் கடக்க வைக்க முடியும், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள், அது குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். வைராக்கியமாக வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு நிறுத்தினார் என்று இந்தக் கட்டத்தைச் சாதனைக் கதையாக எழுதாதீர்கள், யாராவது அதைப் பார்த்துச் செய்துவிடப் போகிறார்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "அவராக உணர்ந்து வந்தால்தான் உண்டு, அதுவரை நாம் எதுவும் செய்ய முடியாது" என்று எங்களிடமும் சொன்னார்கள். அது சரியில்லை. ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறை, குடிக்கிறவருக்குப் பதிலாக வீட்டில் இருப்பவருக்குப் பயிற்சி தருகிறது. குடிக்காத நேரத்தில் அவரோடு உட்கார்ந்து பேசுவது, குடித்திருக்கும்போது சண்டையும் போடாமல் உபசாரமும் செய்யாமல் விலகிவிடுவது, குடியால் வரும் விளைவை மூடி மறைக்காமல் விடுவது, அடி உதை அபாயம் இருந்தால் முதலில் தன் பாதுகாப்பைப் பார்ப்பது, சரியான நேரம் பார்த்துச் சிகிச்சை பற்றிப் பேச்சை எடுப்பது. 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிகிச்சைக்கு வர மறுத்தவர்களில் 64 சதவீதம் பேரை இந்த முறையால் சிகிச்சைக்குள் கொண்டுவர முடிந்தது. எல்லோரும் சேர்ந்து முன்னால் உட்கார வைத்துக் கேட்கும் முறையில் அது 30 சதவீதம், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான பன்னிரண்டு படிக் குழுவான அல்-அனான் வழியில் 13. அல்-அனானின் நோக்கமே வேறு, குடும்பத்தாரின் மன அமைதிதான், அதனால் அந்த எண்ணை வைத்து அதை மட்டம் தட்ட வேண்டாம். ஆனால் வீட்டில் இருப்பவர்களால் ஒன்றும் முடியாது என்ற பேச்சுக்கு இது பதில்.

மருத்துவர்களிடமும் மையங்களிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிறவரிடம் முதல் நாளே கேளுங்கள், உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா, அது உங்களுக்குத் துணையாக இருக்குமா என்று. உண்டு என்றால் ஏ.ஏ.யைக் காட்டுங்கள். இல்லை என்றால் ஸ்மார்ட், லைஃப்ரிங், மதச்சார்பற்ற ஏ.ஏ. என்ற பெயர்களையாவது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், கைப்பேசி இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே கூட்டத்தில் சேரலாம் என்று சொல்லுங்கள். இந்தக் கருவிகளும் கூட்டங்களும் தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும். உளவியல் படித்தவர்களும் குடியை விட்டவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியாத காரியமில்லை, ஒரு அறையும் வாரத்தில் ஒரு மணி நேரமும் இருந்தால் ஆரம்பிக்கலாம். ஏ.ஏ.யும் இரண்டு பேரில்தானே ஆரம்பித்தது.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போது, நம்பிக்கை இல்லாமல் மீண்ட ஒருவரையும் சேர்த்துப் பேட்டி எடுங்கள், முடிந்தால் ஒரு பெண்ணையும். என் அண்ணன் பேசத் தயார் என்கிறார், பெயரும் படமும் மட்டும் போட வேண்டாமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி